பட்டை வந்த வழியும் பெயர் போன வழியும்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்த பழைய ஆட்களிடம் ‘வாட்டில் பட்டை’ என்று சொன்னால் போதும், உடனே புரிந்துகொள்வார்கள். வெளிப்பக்கம் சாம்பலும் கறுப்பும் கலந்து, உள்பக்கம் செம்பழுப்பாக இருக்கும் காய்ந்த மரப்பட்டை அது. கையில் எடுத்து வளைத்தால் மொறுக்கென்று ஒடியும். ஒரு துணுக்கை வாயில் போட்டு மென்றால் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புதான் தோலை அழுகாமல் காக்கிறது. பட்டையை நொறுக்கித் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டால் சாறு இறங்கி, தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிடும். மயிர் நீக்கிச் சதை சீவிய தோல் அதற்குள் கிடந்து கிடந்து, செருப்புக்கும் ஷூவுக்கும் ஆகிற தோலாக எழுந்து வரும்.

இந்தப் பட்டையைத் தந்த மரம் நம் ஊர் மரம் இல்லை. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு ஓரமும் அதற்குத் தெற்கே கடலில் கிடக்கும் டாஸ்மேனியாத் தீவும்தான் அதன் தாய்மண். அங்கிருந்து அது ஆப்பிரிக்கா போய், பிறகு பாலாற்றங்கரைக்கு வந்தது. அந்தத் தீவுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்களைத் தேடிப் போனால், அவற்றில் சில நம் காவேரிப்பாக்கம், ஆற்காடு, வேலூர் வழியாகத்தான் போயிருக்கின்றன. பட்டை ஒரு வழியில் வந்தது, பெயர்கள் எதிர்வழியில் போயின. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும் என்று நினைக்கிறேன்.

முதலில் தீவு. ஏறத்தாழ 40,000 ஆண்டுகளாக மனிதர்கள் வாழ்ந்த நிலம் அது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்தபோது பெருநிலத்தோடு இருந்த தரைப்பாலம் மூழ்கி, அந்த மக்கள் தீவுக்காரர்கள் ஆனார்கள். அவர்களுக்குப் பல மொழிகள், பல குலங்கள். ஒவ்வொரு மலைக்கும் ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் அவர்களிடம் பெயர் இருந்தது. வாட்டில் மரம் அவர்களுக்கு அன்றாடத்தில் ஒன்று, அதில் வடியும் பிசின் அவர்களின் தின்பண்டம்.

1642-இல் ஆபெல் டாஸ்மன் என்ற டச்சு மாலுமி ஹீம்ஸ்கெர்க், ஜீஹேன் என்ற இரண்டு கப்பல்களோடு படேவியாவிலிருந்து கிளம்பினார். இன்றைய ஜகார்த்தாதான் அன்றைய படேவியா. மொரீஷியஸ் போய், அங்கிருந்து தெற்கே இறங்கி, கிழக்கே திரும்பி, நவம்பர் 24-ஆம் தேதி இந்தத் தீவின் மலைகளைக் கண்டார். டிசம்பர் 3-ஆம் தேதி கரைக்குப் போகப் பார்த்தபோது அலை விடவில்லை. கப்பல் தச்சர் ஒருவர் மட்டும் நீந்திப் போய், கம்பம் நட்டுக் கொடி கட்டிவிட்டுத் திரும்பினார். கரையில் ஒரு மனிதரையும் அவர்கள் நேரில் பார்க்கவில்லை. மரங்களில் ஏறுவதற்கு வெட்டிய படிகளையும் தூரத்தில் எழுந்த புகையையும்தான் பார்த்தார்கள். ஆள் இருக்கிறது என்று தெரிந்தே அந்த நிலத்துக்கு ‘வான் டீமன் நிலம்’ என்று பெயர் எழுதினார் டாஸ்மன்.

அந்தோணி வான் டீமன் அப்போது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர். படேவியாவில் உட்கார்ந்துகொண்டு ஆசியாவிலிருந்த டச்சுக் கோட்டைகள் அனைத்தையும் ஆண்டவர். அதில் நம் பழவேற்காடும் ஒன்று. 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டைதான் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது. இங்கே நெய்த துணி படேவியாவுக்குப் போய், அங்கிருந்து மசாலாத் தீவுகளுக்குப் போனது. துணியோடு மனிதர்களும் போனார்கள். பஞ்ச காலங்களில் பசிக்காகத் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற தமிழர்களும் தெலுங்கர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த வணிகத்தின் உச்சியில் இருந்தவரின் பெயரைத்தான் அந்தத் தீவு 200 ஆண்டுகளுக்கு மேல் சுமந்தது. வான் டீமன் தன் வாழ்நாளில் அந்த நிலத்தைப் பார்த்ததே இல்லை.

டச்சுக்காரர்களுக்கு அங்கே வாங்க விற்க எதுவும் கிடைக்கவில்லை. அதனால் விட்டுவிட்டார்கள். அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் அவ்வப்போது வந்து போனதோடு சரி. அது தீவு என்பதுகூட வெளியுலகுக்கு 1798–99-இல்தான் உறுதியானது. அந்தக் கண்டுபிடிப்புக்குத் தூண்டுதலாக இருந்த ஒரு விபத்தில் இந்தியர்கள் இருந்தார்கள். 1796 கடைசியில் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சரக்கு ஏற்றிப்போன ‘சிட்னி கோவ்’ என்ற கப்பல், 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு வடகிழக்கே ஒரு சிறு தீவில் தரைதட்டியது. கப்பலாட்களில் பெரும்பாலோர் வங்காளத்து லஸ்கர்கள். உதவி கேட்டுப் படகில் கிளம்பிய 17 பேரின் படகும் பெருநிலக் கரையில் உடைந்தது. அதற்கு மேல் கரையோரமாகவே நடந்தார்கள். சிட்னியை எட்டியவர்கள் 3 பேர். அவர்கள் சொன்ன செய்தியிலிருந்துதான் நடுவில் ஒரு நீரிணை இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது, பாஸ், ஃபிளிண்டர்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தீவைச் சுற்றிவந்து உறுதி செய்தார்கள். நீரிணைக்குப் பாஸ் பெயர், அருகிலுள்ள பெரிய தீவுக்கு ஃபிளிண்டர்ஸ் பெயர். வழியில் செத்த லஸ்கர்களுக்கு வரைபடத்தில் இடமில்லை.

1803 செப்டம்பரில் ஆங்கிலேயர்கள் ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் குடியேறினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் முந்திவிடுவார்களோ என்ற பயமும், கைதிகளை அடைக்க இன்னொரு இடம் வேண்டும் என்ற தேவையும்தான் காரணம். அடுத்த ஆண்டு குடியிருப்பை ஆற்றின் மறுகரைக்கு மாற்றினார்கள். அதற்கு வைத்த பெயர் ஹோபர்ட். இன்றும் டாஸ்மேனியாவின் தலைநகர் அதுதான்.

யார் இந்த ஹோபர்ட்? 1801 முதல் 1804 வரை லண்டனில் போருக்கும் குடியேற்றங்களுக்கும் அமைச்சராக இருந்த ராபர்ட் ஹோபர்ட். ஆஸ்திரேலியப் புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்ளும். நமக்கு அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் முக்கியம். 1794 முதல் 1798 வரை அவர் மதராஸ் ஆளுநர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்து நம் ஊரை ஆண்டவர்.

அவர் காலத்து மதராஸைப் புரிந்துகொள்ள, காவேரிப்பாக்கத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1752 பிப்ரவரியில் இந்த ஊரை ஒட்டி ஒரு சண்டை நடந்தது. ஆற்காட்டு முற்றுகையில் தாக்குப்பிடித்துப் பெயர் வாங்கியிருந்த ராபர்ட் கிளைவ், நவாப் பதவிப் போட்டியில் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் நின்ற ராசா சாகிபின் படையையும் பிரெஞ்சுப் படையையும் துரத்திக்கொண்டு மேற்கே வந்தார். இருட்டுகிற நேரத்தில், சாலையோர மாந்தோப்பில் மறைந்திருந்த பிரெஞ்சு பீரங்கிகளின் வாயில் நேராக வந்து விழுந்தார். நிலா வெளிச்சத்தில் சண்டை நீண்டது. தோப்பின் பின்பக்கத்தில் காவல் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பிரிவை அந்த வழியே அனுப்பிப் பீரங்கிகளைப் பிடித்தார். சின்னச் சண்டைதான். ஆனால் அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாட்டில் யார் கை ஓங்கும் என்ற கேள்வியில் அதற்குப் பெரிய எடை உண்டு. ஆங்கிலேயர்கள் தாங்கிப் பிடித்த முகம்மது அலி நவாப் ஆனார். அவர் பட்டப்பெயர் வாலாஜா. பக்கத்து ஊர் வாலாஜாப்பேட்டை அவர் பெயரில்தான் இருக்கிறது.

தாங்கிப் பிடித்ததற்கு ஆங்கிலேயக் கம்பெனி விலை கேட்டது. படைச் செலவெல்லாம் நவாப் கணக்கில் ஏறியது. கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கடன் என்று போய், கடைசியில் ஊர்களின் வரி வருமானம் அடமானத்துக்குப் போனது. 1795 அக்டோபரில் முகம்மது அலி இறந்தார். மகன் உம்தத்துல் உமரா பட்டத்துக்கு வந்த உடனேயே ஆளுநர் ஹோபர்ட் நெருக்கத் தொடங்கினார். அடமானப் பகுதிகளைக் கம்பெனிக்கே விட்டுக்கொடு, கோட்டைகளைக் கொடு என்பது பேச்சு. உமரா மறுத்தார். கல்கத்தாவில் இருந்த தலைமை ஆளுநர் ஜான் ஷோர், ஒப்பந்தத்தை மீறி வலிந்து பிடுங்கக் கூடாது என்று ஹோபர்ட்டைத் தடுத்தார். இந்த மோதல் முற்றியதில் 1798-இல் ஹோபர்ட் திருப்பி அழைக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஆளுநர் எட்வர்ட் கிளைவ், காவேரிப்பாக்கத்தில் சண்டையிட்ட கிளைவின் மகன். 1801-இல் உமரா இறந்ததும் ஹோபர்ட் நினைத்த காரியத்தை எட்வர்ட் கிளைவ் முடித்தார். ஆற்காடும் காவேரிப்பாக்கமும் உள்ளிட்ட கர்நாடகம் கம்பெனி கைக்குப் போனது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்தான் ரிஸ்டன் கோவ் கரையில் கூடாரங்கள் எழுந்தன. அங்கே யாரிடமும் ஒப்பந்தம் போடவில்லை. கேட்டுப் பிடுங்க வேண்டும் என்ற சம்பிரதாயம்கூட அங்கே இல்லை, ஏனென்றால் நிலத்துக்குச் சொந்தக்காரர் இருப்பதையே ஏற்கவில்லை. ஹோபர்ட் அந்த நகரத்துக்கு ஒருநாளும் போனதில்லை. (சென்னைக்காரர்களுக்கு ராயப்பேட்டை ஹோபர்ட் பெண்கள் பள்ளி நினைவுக்கு வரும். அது வேறு ஹோபர்ட். அதே குடும்பத்தில் பிறந்து 1872 முதல் 1875 வரை மதராஸ் ஆளுநராக இருந்து இங்கேயே இறந்தவர், அவர் மனைவி பெயரோடு சேர்ந்தது அந்தப் பள்ளி.)

ஹோபர்ட் நகருக்கு மேலே நிற்கும் மலைக்கு வெல்லிங்டன் மலை என்று பெயர் வைத்தார்கள். அந்த வெல்லிங்டன், ஆர்தர் வெல்லெஸ்லி. 1799-இல் திப்புவின் மேல் படையெடுப்பதற்காக ஜெனரல் ஹாரிஸின் படை திரண்டது வேலூரில். ஆம்பூர் வழியாக மேற்கே போன அந்தப் படையில் வெல்லெஸ்லி ஒரு கர்னல். நாம் இன்று பஸ்ஸில் போகிற அதே பாலாற்றுப் பாதை. வான் டீமன், ஹோபர்ட், வெல்லிங்டன் ஆகிய மூன்று பேரும் நம் கரையோடு கணக்கு வழக்கு வைத்திருந்தவர்கள். மூன்று பேரும் அந்தத் தீவில் கால் வைக்காதவர்கள்.

பெயர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் நடந்ததைச் சுருக்கிச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்ல வேண்டும். 1804 மே மாதம் ரிஸ்டன் கோவ் கரையில் கங்காரு வேட்டைக்கு வந்த ஆதிக்குடிக் கூட்டத்தின் மேல் சிப்பாய்கள் சுட்டார்கள். செம்மறிப் பண்ணைகள் பெருகப் பெருக மேய்ச்சல் நிலத்துக்காக மோதல் வளர்ந்தது. 1820-களின் நடுவிலிருந்து 1830-களின் தொடக்கம் வரை நடந்ததைக் ‘கறுப்புப் போர்’ என்று வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். 1830-இல் ஆளுநர் ஆர்தர் சுமார் 2,200 பேரை வரிசையாக நிறுத்தி, தீவைச் சல்லடை போட்டு அவர்களைப் பிடிக்கச் சொன்னார். எஞ்சியிருந்த சுமார் 200 பேரை ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நோயிலும் ஏக்கத்திலும் அவர்கள் செத்துக்கொண்டே வந்தார்கள். 1847-இல் ஹோபர்ட் பக்கம் திரும்பக் கொண்டுவரப்பட்டபோது 47 பேர். 1876-இல் ட்ருகனினி என்ற பெண் இறந்ததும், ‘கடைசி டாஸ்மேனியர்’ போய்விட்டார் என்று உலகம் முழுக்க அச்சிட்டார்கள். தன் உடலைத் தொடாதீர்கள் என்று அவர் கெஞ்சியிருந்தார். ஆனாலும் அவருடைய எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்தில் 1947 வரை காட்சிக்கு வைத்தார்கள். 1976-இல்தான் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அந்த மக்கள் அழியவில்லை. நீரிணைத் தீவுகளில் கடல்நாய் வேட்டைக்காரர்கள் தூக்கிச் சென்ற பெண்களின் வம்சம் உள்ளிட்ட வழித்தோன்றல்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் வாழ்கிறார்கள். தம்மைப் பலவா என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

இதே காலத்தில்தான் பட்டையின் பயணமும் தொடங்கியது. இங்கிலாந்தில் தோல் பதனிட ஓக் மரப்பட்டை வேண்டும். அங்கே காடு சுருங்கிவிட்டது. வாட்டில் பட்டையில் ஓக்கைவிடப் பல மடங்கு துவர்ப்புச் சத்து இருப்பதைக் குடியேறியவர்கள் கண்டுகொண்டார்கள். 1820-களிலேயே அந்தத் தீவிலிருந்து பட்டை கப்பலேறியது. கைதிகளின் உழைப்பில் காடு திறக்கப்பட்டது. நிற்கிற மரத்தின் அடியில் வெட்டுப் போட்டு, மேலே உச்சி வரை நாடாவாக உரித்தால் மரம் அப்படியே நின்று சாகும். நடுவதற்கு யாரும் மெனக்கெடவில்லை. 1870-களில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாட்டில் மரமே தீர்ந்துவிடுமோ என்று அரசாங்கமே விசாரிக்கும் நிலை வந்தது.

அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள் 70,000-க்கும் மேல். ‘வான் டீமன் நிலம்’ என்றாலே கைதியின் சங்கிலிச் சத்தம் என்று ஊரே பேசியது. 1853-இல் கைதிக் கப்பல்கள் நின்றதும், சுயாட்சி கிடைக்கும் நேரத்தில் குடியேறியவர்கள் பழைய பெயரைக் கழற்றிவிட மனுப் போட்டார்கள். 1856 ஜனவரி 1 முதல் அது டாஸ்மேனியா. டாஸ்மனை அனுப்பிய வான் டீமனின் பெயர் போய், அனுப்பப்பட்ட டாஸ்மனின் பெயர் வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு வெள்ளைக்காரர்கள் துடைத்துக் கொடுத்த கறை அது. நிலத்தின் சொந்தப் பெயரை அந்த மனுவில் யாரும் நினைக்கவில்லை.

1864-இல் வாண்டர்பிளாங்க் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் விதையைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோனார். நிழலுக்கும் விறகுக்கும் காற்றுத் தடுப்புக்குமாகத்தான் நட்டார். மரம் அங்கே பேயாக வளர்ந்தது. 1880-களில் அதன் பட்டையைப் பணமாக்கலாம் என்று ஜார்ஜ் சட்டன் போன்ற பண்ணையார்கள் கண்டுகொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் காட்டை அழித்து உரித்தார்கள், நேட்டாலில் வரிசையாக நட்டு, எட்டுப் பத்து ஆண்டில் வெட்டி உரித்து, திரும்ப நட்டார்கள். சில பத்தாண்டுகளில் உலகச் சந்தைக்குப் பட்டை அனுப்பும் இடம் நேட்டால் ஆகிவிட்டது. தாயகமான ஆஸ்திரேலியாவே நேட்டாலிலிருந்து பட்டை வாங்கும் நிலை வந்தது.

நேட்டாலில் நட்டவர்கள் யார், உரித்தவர்கள் யார் என்று கேட்டால் பதில் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள். அவர்களில் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் மிகப் பெரிய கூட்டம். அன்றைய வட ஆற்காடு என்றால் வேலூர், ஆம்பூர், ஆற்காடு, காவேரிப்பாக்கம் எல்லாம் அடக்கம். கரும்புத் தோட்டம், ரயில்வே, நிலக்கரிச் சுரங்கத்தோடு வாட்டில் தோட்டங்களிலும் ஒப்பந்தக் கூலிகள் வேலை செய்தார்கள். மழைக்காலத்தில் மரத்தில் சாறு ஏறியிருக்கும்போதுதான் பட்டை சுலபமாகக் கழன்று வரும். நனைந்துகொண்டே கோடாரியால் கொத்தி, விரலை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். கை முழுக்கத் துவர்ப்புக் கறை ஏறி, தோலே கறுத்துப்போகும். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி. 1913-இல் காந்தி நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளில் ஒன்று இந்த வரியை ஒழிப்பது.

இந்தப் பக்கம் பாலாற்றங்கரை. இங்கே தோலுக்கு ஆவாரம் பட்டை. தரிசிலும் சாலையோரத்திலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியைக் கிராமத்துப் பெண்களும் பிள்ளைகளும் வெட்டி, குச்சியைத் தட்டிப் பட்டை உரித்து, கட்டுக் கட்டி மண்டிக்குக் கொண்டுவருவார்கள். ஆவாரத்தில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை போட்டு, எண்ணெய் தடவி முடிப்பார்கள். முதல் போட்டவர்களில் பெரும்பங்கு முஸ்லிம் வணிகர்கள், தொட்டியில் இறங்கியவர்களில் பெரும்பங்கு தலித் மக்கள். அந்தத் தோல் லண்டன் ஏலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் விற்றது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோலாக மதராஸ் தோலை அரசாங்கமே மொத்தமாக எடுத்துக்கொண்டது.

அவ்வளவு தோலுக்கு ஆவாரம் எங்கே போவது? விலை ஏறியது, கிடைப்பது குறைந்தது. ஆவாரத்தில் துவர்ப்புச் சத்து நூற்றுக்கு 18, 20 இருந்தால் வாட்டிலில் 30-க்கு மேல். நேட்டால் பட்டை கப்பலில் மதராஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வந்தது. வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் உரித்த பட்டை, வட ஆற்காட்டில் இருந்துவிட்டவர்கள் நின்ற தொட்டிக்கு வந்து சேர்ந்தது. உரித்தவரின் அண்ணன் மகனே இங்கே தொட்டியைக் கலக்கியிருக்கக்கூடும். மூட்டையைப் பிரித்தபோது அது எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். இந்தக் கதையில் என்னை அதிகம் வருத்துவது இந்த இடம்தான்.

1946-இல் தென்னாப்பிரிக்கா இந்தியர்களின் நில உரிமையை முடக்கும் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டே இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்தியது. இன ஒதுக்கலுக்கு எதிராக அப்படிச் செய்த முதல் நாடு இந்தியா. மானத்துக்காக எடுத்த முடிவு. அதன் சுமையைச் சுமந்தவர்களில் நம் தோல் ஷாப்புகளும் உண்டு. பட்டைக்கு மாற்று வழி தேட வேண்டி வந்தது. கென்யாவின் மேட்டுநிலங்களில் நட்டிருந்த வாட்டில் கை கொடுத்தது. இந்த மரத்தின் இன்றைய தாவரவியல் பெயரும் கென்யாவில் பிறந்ததுதான். எட்கர் மியர்ன்ஸ் என்ற அமெரிக்கப் படை மருத்துவர் 1909-இல் அங்கே பறித்த கிளையை வைத்து, பெல்ஜியத்துத் தாவரவியலாளர் ஒருவர் 1925-இல் அகேசியா மியர்ன்சி என்று பெயர் சூட்டினார். ஆஸ்திரேலிய மரம், ஆப்பிரிக்கக் கிளை, அமெரிக்கர் பெயர். மரத்துக்கும் தீவின் கதிதான்.

வெளிநாட்டுப் பட்டையை நம்பியிருக்க வேண்டாம் என்று நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் அரசே பெருமளவில் வாட்டில் நட்டது. ஆஸ்திரேலிய மரங்கள் நீலகிரிக்குப் புதிது இல்லை. 1830-களிலேயே வெள்ளை அதிகாரிகள் கொண்டுவந்திருந்தார்கள், டாஸ்மேனியாவின் நீலத் தைல மரமும் அப்படி வந்ததே. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் நட்டது புல்வெளி புல்வெளியாக. தரிசு என்று கணக்கெழுதிய அந்தப் புல்வெளிகள் தோடர்களின் எருமை மேய்ந்த இடம், சோலைகளோடு சேர்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்து ஆறுகளுக்கு விட்ட இடம். மலையில் சீகை என்று அழைக்கப்படும் அந்த மரம் நட்ட எல்லையில் நிற்கவில்லை. விதை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும், தீப்பட்டால் கொத்தாக முளைக்கும். இன்று அதை அகற்றி, புல்லைத் திரும்பக் கொண்டுவர வனத்துறை செலவழிக்கிறது. 2022-இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. புல்வெளியை ஆளில்லா நிலமாகப் பார்த்த அந்தக் கண், ரிஸ்டன் கோவ் கரையில் இறங்கியவர்களின் கண்தான். நாமே ஆண்ட காலத்திலும் அதை மாற்றிக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

தோல் ஷாப்பில் பட்டையின் ஆட்சி 1970-களோடு இறங்கியது. பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. ஷாப்புகள் குரோமுக்கு மாறின. முன்பு வாரக்கணக்கில் தொட்டியில் கிடந்த தோல், குரோம் உப்பு போட்டு டிரம்மில் சுற்றினால் ஒரே நாளில் பதமாகிறது. அதற்குப் பாலாறு கொடுத்த விலை ஊரறிந்தது. தோல் ஷாப்புகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்று 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. காவேரிப்பாக்கம் ஏரி அந்தப் பாலாற்றின் தண்ணீரை வாலாஜா அணைக்கட்டிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஏரி.

ஆவாரத்திலும் வாட்டிலிலும் பதனிடும் பழைய தோலுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. குறியீட்டில் உள்ள பெயர் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’. வட ஆற்காட்டுத் தொழிலாளியின் கைத்திறனுக்கு நாம் சட்டப்படி காப்புக் கேட்டு வாங்கிய பெயரில் கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. ஆம்பூர் தோல், பாலாற்றுத் தோல் என்று கேட்டிருக்கலாம். சந்தைக்குப் பழகிய பெயர் என்பது ஒரு காரணம்தான், போதுமான காரணம் இல்லை.

காவேரிப்பாக்கத்துக்கே பெயர் பல. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது காவதிப்பாக்கம், அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரும் உண்டு. அவனிநாராயணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். ராணிப்பேட்டை, தோற்று மாண்ட செஞ்சி தேசிங்கு ராஜனின் ராணிக்காக நவாப் சாதத்துல்லா கான் வைத்த பெயர். நம் ஊர்ப் பெயர்களிலும் அரசர்கள் உண்டு. ஆனால் கல்வெட்டும் வாய்வழக்கும் இருப்பதால் பழைய பெயரைத் தேடி எடுக்க நமக்கு வழி இருக்கிறது.

அந்தத் தீவுக்காரர்களுக்கு அந்த வழியும் குறுகியது. வெள்ளையர்கள் காதில் கேட்டு எழுதி வைத்த சொற்பட்டியல்களிலிருந்தும் முதியவர்களின் நினைவிலிருந்தும் சொற்களைப் பொறுக்கி, பலவா கானி என்ற மொழியை அவர்கள் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அதில் தீவின் பெயர் லுத்ருவிட்டா. ஹோபர்ட் இருக்கும் இடம் நிபலூனா. ரிஸ்டன் கோவின் பெயர் பியூரா கிட்டினா, 1995-இல் அந்த இடம் சட்டப்படி அவர்கள் கைக்கே திரும்ப வந்தது. 2013-இல் டாஸ்மேனிய அரசு இரட்டைப் பெயர்க் கொள்கையை ஏற்றபின், வெல்லிங்டன் மலை அரசு வரைபடத்தில் ‘குனான்யி / வெல்லிங்டன் மலை’ ஆனது.

நம் பள்ளி நிலவரைபடங்களில் இன்னும் டாஸ்மேனியா, ஹோபர்ட் என்று மட்டும்தான் அச்சாகிறது. தமிழில் பாடநூலும் வரைபடமும் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த பதிப்பில் அந்தத் தீவின் மேல் ‘லுத்ருவிட்டா’ என்றும் சேர்த்து எழுதுங்கள். மதராஸ் ஆளுநர் பெயரில் ஒரு தலைநகர் இருப்பதைப் படிக்கும் பிள்ளைகள், அந்த இடத்துக்கு நிபலூனா என்று பெயர் இருந்ததையும் படிக்கட்டும்.